புக்கியில் இருக்கும் பிள்ளை

என் மகள் கவானிக்கு 'பெர்ஃபில்' இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது நானும் அல்ல, அவளைப் பெற்ற ஜோசிலேனியும் அல்ல. இட்டாகேரா பக்கம் ஒரு வணிக வளாகத்தில், பாஸ்தெல் பலகாரம் பொரிக்கும் கடை முன்னால், கழுத்தில் ரோஸ் கயிறும் அடையாள அட்டையும் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்தான் கண்டுபிடித்தாள். கவானிக்கு அப்போது ஆறு வயது. சளி பிடித்திருந்தது. மூக்கிலிருந்து வந்ததும் பாஸ்தெலிலிருந்து வழிந்த பாலாடைக்கட்டியும் மேலுதட்டில் ஒன்றாகக் கலந்திருந்தன.

"அப்பா! ஒங்க பொண்ணுக்கு பெர்ஃபில் இருக்கு!" என்றாள் அந்தப் பெண், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

எங்கள் பேச்சில் பெர்ஃபில் என்றால் பக்கவாட்டு முகம். கவானியின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கமும் பார்த்தேன். இரண்டு பக்கமும் இருந்தது. "எனக்கும்தாம்மா இருக்கு" என்றேன்.

"அப்பா செம ஜோக்கு அடிக்கிறாரு! காலையில இருந்து ஆயிரம் பிள்ளைங்களப் பாத்துட்டேன். இவ ஒருத்திதான்." ஒரு விலாச அட்டையை என் கையில் திணித்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு, தத்துவாபேயில், பதின்மூன்றாவது மாடியில், விளம்பரங்களில் நடிக்கப் பிள்ளைகளுக்குத் தேர்வு என்றாள். பிறகு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே மொட்டைத் தலையோடு ஒரு கைக்குழந்தை உருளைக்கிழங்கைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடி நெஞ்சில் கையை வைத்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஜெனிவால். காஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவன். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற வேலை. பாட்டு கேட்டதும் ஜன்னல்கள் திறக்கும். அந்த வாரம் திறந்த ஒவ்வொரு ஜன்னலிடமும் சிலிண்டரை இறக்குவதற்கு முன்னால் பெர்ஃபில் கதையை இறக்கிவைத்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொரு வயதுவரை என்னையோ என்னைச் சேர்ந்த எதையுமோ யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

ஜோசிலேனி நகப்பூச்சுக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு இருபது பெண்களின் பொய்யைக் கைபிடித்துக் கேட்கிறவள். அவளிடம் சொன்னபோது கத்திரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஜெனி, ஒன் காதைக் குத்தி, பூவையும் வச்சு, நல்லாருக்கான்னு கண்ணாடியும் காட்டிட்டாங்க. நீயும் அழகா இருக்குன்னுட்டு வந்துட்ட."

"போய்ப் பாக்கறதுல என்ன போச்சு?"

"போய்ட்டு வா. வரும்போது பர்ஸ் இருக்கான்னு பாரு."

மழலை நட்சத்திரம் என்பது அந்த ஏஜென்சியின் பெயர். பதின்மூன்றாவது மாடியில் லிஃப்ட் திறந்தபோது, ஆயிரத்தில் ஒருத்தியாகிய என் மகளைப் போலவே ஆயிரத்தில் ஒருவரான எண்பது பிள்ளைகள் அங்கே அழுதுகொண்டிருந்தார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ஆண்கள் எல்லோரும் அப்பா, பெண்கள் எல்லோரும் அம்மா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்த இயக்குநர் டோனா மர்லுசி என்னை "வாங்க அப்பா, உக்காருங்க அப்பா" என்றாள். அதில் ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன்.

தேர்வு கண்டிப்பானது. டோனா மர்லுசியும், கையில் அளவு நாடாவோடு அடெர்பால் என்ற அலுவலரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன பையன் அடெர்பாலின் கையைக் கடித்துவிட்டான். "ஆளுமை!" என்று எழுதித் தேர்வு செய்தார்கள். அடுத்த குழந்தை எழுப்பியும் எழவில்லை. "அமைதி" என்று எழுதித் தேர்வு செய்தார்கள். காபி கொண்டுவந்த பணிப்பெண்ணுக்கு ஐந்து மாதம். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்பதிவு போட்ருவோமா அம்மா?" என்று டோனா மர்லுசி கேட்டாள்.

எங்கள் முறை வந்தது.

"கண்ணு, ஒன் பேரு என்ன?"

"மூச்சா வருது" என்றாள் கவானி.

டோனா மர்லுசியின் கண்கள் கலங்கின. "இந்த இயல்பை எவ்ளோ சம்பளம் குடுத்தாலும் கத்துக்குடுக்க முடியாது அப்பா. தேர்வு!"

கழிப்பறை எங்கே என்று கேட்டேன். முதலில் கையெழுத்து, பிறகு கழிப்பறை என்றார் அடெர்பால்.

கையெழுத்துப் போடும்போதுதான் அந்தச் சொல்லை முதல்முறை கேட்டேன். "இனி எல்லாமே புக்கி கையிலதான் இருக்கு அப்பா" என்றார் அவர். "புக்கி நல்லா இருந்தா வேலை தானா வரும். புக்கி இல்லேன்னா கதவே தொறக்காது."

பெரிய மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜப்பானியராக இருக்கலாம், எங்கள் ஊரில் அவர்கள் நிறைய. "அவர எப்பப் பாக்கலாம் சார்? கையில ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புக்கி என்பது ஆளில்லை. போட்டோ ஆல்பம். 'புக்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் நாக்கில் வாலோடுதான் வரும். ஆனால் நான் செய்த பிழை எவ்வளவு சரியான பிழை என்று பிறகுதான் புரிந்தது. அந்தக் கட்டடத்தில் ஆளாக மதிக்கப்பட்டது புக்கி ஒன்றுதான்.

புக்கியின் விலையை இங்கே சொல்ல மாட்டேன். ஜோசிலேனிக்கு இன்னும் பாதிதான் தெரியும்.

படம் எடுத்த அன்று கவானிக்கு ஒரே பகலில் பதினொரு வேடம் போட்டார்கள். டாக்டர், தேனீ, சோளக்கொல்லைப் பெண், சின்ன வயது தொழிலதிபர். தொழிலதிபர் வேடத்தில் அவள் தூங்கிவிட்டாள். அதற்கு 'சிந்தனை' என்று தலைப்புக் கொடுத்தார்கள். தடித்த அட்டை, பட்டுத்துணி உறை, உள்ளே அவள். அழகாகத்தான் இருந்தாள். நம் வீட்டுப் பிள்ளையா இது என்று நானே மலைத்துப்போனேன். அந்தக் கேள்வியை அப்போதே கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு பெற்றோர் கூட்டம். டோனா மர்லுசி மேடையேறிப் பேசினாள்.

"அப்பாமாரே, அம்மாமாரே! வெளியில நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. நாங்க புக்கி விக்கிறோமாம். பச்சைப் பொய்! நாங்க எங்க விக்கிறோம்? நீங்கதான் வாங்குறீங்க. பதினேழு வருஷத்துல ஒரு பிள்ளையக்கூட அழகா இல்லேன்னு நாங்க திருப்பி அனுப்பினதில்ல. பணம் இல்லேன்னுதான் அனுப்பியிருக்கோம். வேலை வாங்கித் தர்றோம்னு யாருக்காவது வாக்குக் குடுத்தோமா? எங்க ஒப்பந்தத்துல ஒரு வரி காட்டுங்க பாப்போம்! எந்த வாக்கும் குடுக்காத நிறுவனத்த நம்பி இவ்ளோ பேரு வந்திருக்கீங்களே, அந்த நம்பிக்கைதான் எங்க சொத்து."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நானும் தட்டினேன். என் பக்கத்தில் ஒரு கிழவர் எழுந்து நின்றே தட்டினார்.

கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். 'பெற்றோர் எதிர்பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. பெற்றோர் பொறுமையை எதிர்பார்க்க வேண்டும் என்றது முதல் வரி. தொலைபேசி அழைப்பை எதிர்பார்க்கலாம், ஆனால் அதைப் பற்றி விசாரித்து ஏஜென்சிக்கு அழைக்கக் கூடாது என்றது அடுத்த வரி. கடைசியில் பொடி எழுத்தில் பதினான்காவது விதி இருந்தது. 'குழந்தை எக்காலமும் புக்கியை ஒத்திருக்க வேண்டும். வேறுபாடு ஏற்படின் பொறுப்பு குழந்தையுடையது.'

இந்த விதியைக் காப்பதற்கென்றே ஓர் ஒப்புமைத் துறை இருந்தது. அடெர்பால்தான் அதன் தலைவர், ஊழியர், கதவு திறப்பவர் எல்லாம். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மேசைமேல் ஒரு தலையணை, அதன்மேல் புக்கி. பிள்ளை நிற்கும். அடெர்பால் புக்கியைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார், நாடாவால் அளப்பார், பெருமூச்சு விடுவார்.

அங்கே நான் கண்டவை கொஞ்சநஞ்சமல்ல. நான்கு மாதத்தில் படமெடுத்த ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. புக்கியில் அது படுத்திருக்கிறது. "படுக்க வச்சுப் பழக்குங்க அம்மா, ஒழுக்கம் முக்கியம்" என்றார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் புக்கி போட்ட ஒரு தகப்பனுக்கு, புக்கி போடாத மற்றவன்தான் இப்போது புக்கியை அதிகம் ஒத்திருக்கிறான் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் பெயரை மாற்றிவிட்டார். மூத்தவன் ஒரு வாரம் அழுததாகச் சொன்னார். எந்த மூத்தவன் என்று கேட்டேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

சிரிப்பு வகுப்பும் உண்டு. இயல்பான சிரிப்பு ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் உதடு பிரியக் கூடாது. கவானி வீட்டில் என்னைப் பார்த்ததும் "எந்த நம்பர் அப்பா?" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஜன்னல்களிடம் சொன்னேன்.

மூன்றாம் மாதம் அடெர்பால் நாடாவைக் கீழே வைத்தார். "ஒண்ணரை செண்டிமீட்டர் விலகல்."

"வளந்திருக்கா சார்."

"அது ஒங்க விளக்கம் அப்பா. எங்க பதிவுல அது விலகல்." அவர் பேனாவை எடுத்தார். "என்ன சாப்பிடறா?"

"சோறு, பீன்ஸ், முட்டை. வாழப்பழம்னா உசுரு."

"சாயங்காலமுமா?" என்று கேட்டார், நான் ஏதோ பிள்ளைக்குச் சாராயம் ஊற்றுவதாகச் சொன்ன மாதிரி. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லல. சொல்ற அதிகாரம் எனக்கில்ல. சில அப்பாங்க கரண்டிய மாத்திப் பாக்கறாங்க. அவ்ளோதான். அது அவங்கவங்க வீட்டு விஷயம்."

ஜோசிலேனி கடையிலிருந்து வர ஒன்பது மணியாகும். சாயங்காலச் சோறு என் பொறுப்பு. அன்றைக்கே சின்னக் கரண்டி ஒன்று வாங்கினேன். சர்க்கரை போடுகிற கரண்டி. அதில் இரண்டு சோறு, ஒன்று பீன்ஸ்.

"அப்பா, இன்னும் கொஞ்சம்."

"புக்கி, கண்ணு. புக்கிய நெனச்சுக்க."

முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். ஒரு மாதத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டாள். எவ்வளவு சமத்து என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஜோசிலேனிக்குப் பாவாடைதான் காட்டிக்கொடுத்தது. "இவ இடுப்புல துணி நிக்க மாட்டேங்குது ஜெனி. என்னதான் போடற அவளுக்கு?"

"வளர்ற வயசு. ஒடம்பு உயரத்துல போகுது."

"உயரத்துலயும் ஒண்ணும் காணமே!"

"அதுவும் வரும்" என்றேன், வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு.

"நாளைக்கு நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் சத்து மருந்து எழுதிக்கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பின் ஒரு கரண்டி என்று சீட்டில் இருந்தது. எந்தக் கரண்டி என்று அதில் இல்லை.

ஆறாம் மாதம் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மெத்தை விளம்பரம். நிஜமான நிறுவனம், நிஜமான தேர்வு. வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் பேசினேன். கவானியைக் குளிப்பாட்டி எத்தனை மணிக்குக் கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

"கொழந்தை எதுக்கு அப்பா?" என்றாள் டோனா மர்லுசி. "புக்கி போனாப் போதும். கொழந்தையக் கூட்டிட்டுப் போனா கொட்டாவி விடும், மூக்க நோண்டும். புக்கி அப்படியெல்லாம் பண்ணாது."

புக்கி டாக்ஸியில் போனது. அடெர்பால் மடியில் வைத்துக்கொண்டு போனாராம். மாலையில் செய்தி வந்தது: இரண்டாம் இடம். முதல் இடம் வந்தது இன்னொரு ஏஜென்சியின் புக்கி. அடுத்த வாரம் சான்றிதழ் தந்தார்கள். 'சிறப்பாகக் கலந்துகொண்ட புக்கி எண் 2208-க்கு' என்று பொன் எழுத்தில் இருந்தது. சட்டம் போட்டு ஃப்ரிட்ஜுக்கு மேல் மாட்டினேன்.

கவானி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "என் பேரு எங்கப்பா?"

"அதான் நம்பர் இருக்கே."

ஜோசிலேனி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "ஒரு ஆல்பத்துக்குப் பரிசு வாங்கிக் குடுத்துட்டோம். இனி அதைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒன்பதாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, கவானி பேசுவதை நிறுத்தினாள். காலையில் அம்மா கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். பள்ளியிலும் அப்படியே என்று டீச்சர் சொன்னாள். எந்நேரமும் உதடு மூடியபடி ஒரு சிரிப்பு. மூன்றாம் நம்பர் பழகுகிறாள் என்று ஜோசிலேனியிடம் விளக்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னக் கரண்டியில் போட்டதையும் தொடவில்லை. பசி இல்லை போலும் என்று தட்டை எடுத்துவைத்தேன்.

மறுநாள் ஒப்புமைச் சனிக்கிழமை.

அடெர்பால் அளந்தார். மூன்று செண்டிமீட்டர். இவ்வளவுக்குப் பிறகும் எப்படியோ வளர்ந்திருந்தாள். "வாயத் தொற கண்ணு" என்றார். கவானி மூன்றாம் நம்பர் சிரித்தாள். "பல்லப் பாக்கணும், தொற." மறுபடி மூன்றாம் நம்பர். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. டோனா மர்லுசியை அழைத்து வந்தார்கள். அவள் குனிந்து, மிட்டாயைக் காட்டி, பிறகு தாடையை இரண்டு விரலால் அழுத்தினாள். வாய் திறந்தது.

மேல்வரிசையில் முன்பல் இல்லை. ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

எங்கள் தெருவில் பால் பல் விழுந்தால் கூரைமேல் எறிந்து, பழசை எடுத்துக்கொண்டு புதுசு கொடு என்று பிள்ளைகள் கத்துவார்கள். தெருவே கூடி நின்று சிரிக்கும். கவானி குனிந்து காலுறைக்குள் விரலை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.

"தூக்கி எறியல" என்றாள் என்னைப் பார்த்து. இரண்டு நாளைக்குப் பிறகு வந்த குரல், பல் போன இடத்தில் காற்றாகக் கசிந்தது. "பத்திரமாத்தான் வச்சிருக்கேன். புதுசு வேணாம். இதையே ஒட்டிக்கலாம்."

அடெர்பால் புக்கியைத் திறந்து, பல் இருந்த பக்கத்தைப் பார்த்து, மூடினார். டோனா மர்லுசி என் தோளில் கை வைத்தாள்.

"வருத்தமாத்தான் இருக்கு அப்பா. ஆனா நல்ல சேதியும் இருக்கு. புக்கிக்கு ஒண்ணும் ஆகல. மெத்தைக்காரங்களே இன்னும் அதைப் பத்தி விசாரிக்கிறாங்க. புக்கி நம்மகிட்டயே இருக்கட்டும், அதுக்கு எதிர்காலம் இருக்கு. இந்தக் கொழந்தையத்தான் நாம விடுவிக்கணும். ஒங்களுக்குப் புரியணும், நாங்க தேர்வு செஞ்சது புக்கியில இருக்கற பிள்ளைய. இது வேற பிள்ளை." குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல இதைவிடச் சின்னதா ஏதாவது இருக்கா? தங்கச்சி, தம்பி? அக்கம்பக்கத்துல இருந்தாலும் பரவால்ல. மூக்கு ஒத்துப்போனாப் போதும். பெயர் மாற்றக் கட்டணம் மட்டும்தான்."

நறுக்கென்று நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கவானி முந்திக்கொண்டாள்.

"அப்போ நான் அது இல்லியா?" என்று புக்கியைக் காட்டினாள்.

"இல்ல கண்ணு. நீ போலாம்."

"அப்போ நான் சாப்பிடலாமா?"

டோனா மர்லுசி உண்மையிலேயே திடுக்கிட்டாள். அவள் முகத்தில் நடிப்பில்லாத ஒன்றை அன்றுதான் பார்த்தேன். "ஐயோ கண்ணு! சாப்பிட வேணாம்னு இங்க யாரு சொன்னா? அடெர்பால், நீங்க சொன்னீங்களா?"

அடெர்பால் ஒப்பந்தத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசிவரை விரலை ஓட்டினார். "சோறுங்கற வார்த்தையே இதுல இல்ல மேடம்."

"பாத்தியா?" என்றாள் டோனா மர்லுசி, என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே. "அது எங்க வேலை இல்ல கண்ணு. அத ஒங்க அப்பாகிட்டதான் கேக்கணும்."

ஒன்பது மாதமாக அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட முதல் உண்மை அது. மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். காகிதம் சுற்றிய பல் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"சாப்பிடலாம்டி கண்ணு. எவ்ளோ வேணுமோ சாப்பிடலாம்."

கவானி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நான் சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள, டோனா மர்லுசியைத் திரும்பிப் பார்த்தாள்.